வளரிளம் பருவ நீரிழிவும் அவசர சிகிச்சைக் கருவிகளும்: ஒரு வரலாறு

வளரிளம் பருவ நீரிழிவு என்பது ஏறத்தாழ 10 வயது முதல் 19 வயது வரையிலான பருவத்தில் தோன்றும் அல்லது தொடரும் நீரிழிவு நோயைக் குறிக்கும். பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கும். பிள்ளைகளுக்கு வருவதோ பெரும்பாலும் சில வாரங்களுக்குள் உயிருக்கே உலை வைத்துவிடும். ஆகவே இந்நோயின் வரலாறு மருந்தின் வரலாறாக மட்டும் இல்லை. சர்க்கரையை அளக்கும் கருவி பெரிய ஆய்வகத்திலிருந்து கிராமத்துப் பிள்ளையின் விரல் நுனி வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதும் அதில் சரிபாதி. திண்டுக்கல் நகரையும் அதைச் சுற்றிய சமவெளியையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சொல்கிறது.

நோயும் அதன் பழைய அடையாளங்களும்

நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரை தசைகளுக்குள் நுழைய இன்சுலின் என்னும் இயக்குநீர் வேண்டும். இது கணையத்திலுள்ள சிறு திட்டுகளில் சுரக்கிறது. 1869இல் ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் இத்திட்டுகளைக் கண்டதால் அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே இத்திட்டுகளிலுள்ள இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. அப்போது இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. கொழுப்பை எரித்து உயிர் வாழ முயல்கிறது. அந்த எரிப்பில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. இந்நிலைக்குக் கீட்டோ அமிலத்துவம் என்று பெயர்.

இதன் அறிகுறிகள் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிதல். முற்றிய பின் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, பழம் அழுகியது போன்ற மூச்சு வாடை, மயக்கம். இந்தப் பெருமூச்சை 1874இல் அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர் விவரித்தார். வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்றும், பெருமூச்சை ஆஸ்துமா அல்லது நிமோனியா என்றும் எண்ணிவிடுவது எல்லா நாடுகளிலும் நடந்த பிழை. திண்டுக்கல் சமவெளியில் இன்னொரு தடையும் உண்டு. வேடசந்தூரிலோ நத்தத்திலோ சித்திரை வெயிலில் ஒரு பிள்ளை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

நம் நாட்டு மருத்துவ நூல்கள் இந்நோயை மதுமேகம் என்று அழைத்தன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை அவை அடையாளமாகக் கொண்டன. சுசுருத சங்கிதை இதைப் பிறவியில் வருவது, உணவாலும் நடப்பாலும் வருவது என்று இரண்டாகப் பிரித்து, முன்னதில் நோயாளி மெலிந்திருப்பார், பின்னதில் பருத்திருப்பார் என்கிறது. இன்றைய வகைப்பாட்டோடு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மெலிந்த நோயாளியைத் தனியாகக் கண்டது கூர்மையான பார்வைதான். எறும்பு மொய்க்கும் அடையாளம் நம் கிராமங்களில் இன்றும் பேச்சில் இருக்கிறது.

டொரண்டோ, 1922

1889இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அதனால் உறுதியாயிற்று. ஆனால் கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வழி அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் பரப்பிய பட்டினி உணவுமுறை. உயிர் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நீளும், பிள்ளை எலும்புக்கூடாகிவிடும்.

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 1921 கோடையில் அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் பான்டிங்கும் இளம் உதவியாளர் சார்லஸ் பெஸ்ட்டும், பேராசிரியர் மக்லியாட்டின் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கினர். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அப்போது அவன் எடை 30 கிலோகூட இல்லை. மருந்து தூய்மையாக இல்லாததால் ஊசி போட்ட இடம் வீங்கியது, பலனும் போதவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இரவும் பகலுமாக அதைத் தூய்மை செய்தார். ஜனவரி 23 அன்று மறுபடி ஊசி தொடங்கியது. சர்க்கரை இறங்கியது; கீட்டோன்கள் மறைந்தன. தாம்சன் அதன் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சிகிச்சைக்கு வந்த எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி 1981 வரை வாழ்ந்தார். அவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய மருந்து முதலில் யார் வீட்டுக்குப் போகும் என்பது அன்றும் இப்படித்தான் இருந்தது. காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டனர். 1923இல் பான்டிங்குக்கும் மக்லியாட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவ ஆராய்ச்சி வரலாற்றில் மருந்தின் பலன் இவ்வளவு கண்கூடாகத் தெரிந்த நிகழ்ச்சிகள் சிலவே. அந்த முதல் நோயாளி ஒரு வளரிளம் பருவத்துப் பையன்.

சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் பேராசிரியர் மு. விசுவநாதன். பின்னர் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை நாட்டின் முக்கியமான நீரிழிவு ஆய்வு மையமாக வளர்ந்தது. அ. இராமச்சந்திரன், வி. மோகன் ஆகியோர் அந்த மரபிலிருந்து வந்தவர்களே.

சென்னையில் நிலை இவ்வாறிருக்க, திண்டுக்கல் பகுதி மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் அது மதுரைதான். 1940இல் ஏற்பட்ட எர்ஸ்கின் மருத்துவமனையே இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஏறத்தாழ 60 கி.மீ. கீட்டோ அமிலத்துவத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த 60 கி.மீ. சிறிய தூரமன்று.

மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவத் தொண்டு நடக்காமல் இல்லை. 1947இல் டாக்டர் சௌந்திரம் இராமச்சந்திரன் காந்திகிராமத்தை நிறுவினார். சின்னாளபட்டிப் பகுதியில் சிறிய மருந்தகமாகத் தொடங்கியது கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1964இல் கிராமச் சுகாதாரம், குடும்ப நலத்துக்கான காந்திகிராம நிறுவனம் ஏற்பட்டது. 1955இல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை தொடங்கியது. அக்காலத்தின் பெரும் கவலைகள் பேறுகாலச் சாவு, அம்மை, காலரா, காசநோய் ஆகியவை. நீரிழிவு பணக்காரர் நோய், வயதானவர் நோய் என்ற எண்ணமே எங்கும் இருந்தது. பிள்ளை நீரிழிவால் இறந்தால் காய்ச்சல் கண்டு இறந்ததாகவே வீட்டார் சொல்லியிருப்பார்கள்.

பிள்ளைகளின் நோயை எண்ணிக் கணக்கிடும் வேலை வெகு காலம் கழித்தே வந்தது. சென்னையில் இராமச்சந்திரனும் குழுவினரும் 1991 முதல் 1994 வரை ஒரு பதிவேட்டை நடத்தினர். அதன்படி ஆண்டுதோறும் ஒரு லட்சம் பிள்ளைகளில் 10.5 பேருக்கு முதல் வகை நீரிழிவு புதிதாக வந்தது. ஆசியாவில் இந்நோய் மிக அரிது என்ற நம்பிக்கையை இது அசைத்தது. 2006இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நாடு தழுவிய இளையோர் நீரிழிவுப் பதிவேட்டைத் தொடங்கியது. 25 வயதுக்குள் நோய் கண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் முதற்கட்டத்தில் பதிவாயினர். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு முதல் வகை. நான்கில் ஒரு பங்கினருக்கு, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை. சிறு வயதில் இரண்டாம் வகை இவ்வளவு இருப்பது முந்தைய தலைமுறை மருத்துவர்கள் எதிர்பாராதது.

சோதனைக் குழாயிலிருந்து விரல் நுனிக்கு

மேல்நிலை வகுப்பில் உயிரியல் செய்முறை படித்தவர்களுக்குப் பெனடிக்ட் கரைசல் நினைவிருக்கும். நீல நிறக் கரைசல் 5 மி.லி. எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என மாறி, மிகுதியாக இருந்தால் செங்கல் சிவப்பில் நிற்கும். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908இல் இதை வெளியிட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் உலகெங்கும் நீரிழிவை அறிய இதுவே வழி. 1941இல் கிளினிடெஸ்ட் என்ற மாத்திரை வந்தபின் ஸ்பிரிட் விளக்கு இல்லாமலே சோதனை செய்ய முடிந்தது.

ஆனால் சிறுநீர்ச் சோதனைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். மேலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால் அதை அறவே காட்டாது. மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை கூடிவிட்டதா, இன்சுலின் அதிகமாகிக் குறைந்துவிட்டதா? இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது. இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1960களின் நடுவில் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டை வந்தது. ஒரு சொட்டு இரத்தத்தை அதில் வைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1970இல் அந்நிறத்தை ஒளியால் அளக்கும் கருவியை ஆன்டன் கிளெமன்ஸ் வடிவமைத்தார். எடை ஒரு கிலோவுக்கு மேல். விலை ஏறத்தாழ 495 டாலர். மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். 12 வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவோடு வாழ்ந்துவந்த பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கினார். வீட்டிலேயே நாளுக்குப் பல முறை அளந்து பார்த்தார். நோயாளியே அளக்கலாம் என்று அவர் எழுதியதை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. அதற்காகவே நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் உள்ளங்கை அளவுக் குளுக்கோமீட்டரின் பின்னால் இப்படி ஒரு பிடிவாதமும் இருக்கிறது.

மருந்து கையில் வந்த பிறகும் வீட்டில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று சிரிஞ்சு. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். மற்றொன்று வெயில். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை மண்பானைக்குள் வைக்கும் வழக்கம் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாமில் நிலவும் வெப்பநிலையை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் வைத்தும் இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று அது காட்டியது. நம் பானையின் மதிப்பை ஆய்வுக்கூடம் தாமதமாக ஒப்புக்கொண்டது எனலாம்.

அவசர சிகிச்சை அறையில்

மயக்கத்தில் வரும் பிள்ளைக்கு எவ்வளவு இன்சுலின், எவ்வளவு நீர் என்பதில் மருத்துவர்கள் நெடுங்காலம் தடுமாறினர். 1970கள் வரை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான யூனிட் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1973இல் ஆல்பெர்ட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் சிறு அளவுகளே போதும் என்று காட்டினர். பெரிய கருவி எதுவும் இல்லாமல் தசையில் ஊசியாகவே போட்டும் இதைச் செய்ய முடிந்தது. இன்று உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்ற கணக்கில் நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். கூடவே பொட்டாசியத்தையும் கவனிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தனியான அச்சம் மூளை வீக்கம். நீரை வேகமாக ஏற்றினால்தான் இது வருகிறது என்று பல்லாண்டுகள் நம்பினர். 2018இல் அமெரிக்காவில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 1255 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நீரை வேகமாக ஏற்றினாலும் மெதுவாக ஏற்றினாலும் மூளைக்கான பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம்பிக்கை எவ்வளவு பழையதானாலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு மாணவர்களுக்குச் சொல்லத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது.

பருவமாற்றம் செய்யும் குழப்பம்

வளரிளம் பருவத்தில் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. அது இன்சுலினின் வேலையைத் தடுக்கும். ஆரோக்கியமான பிள்ளைகளுக்குக்கூடப் பருவமடையும் காலத்தில் இன்சுலின் செயல்திறன் குறைகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986இல் காட்டினர். கணையம் நலமாக இருந்தால் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். நீரிழிவுள்ள பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நேற்று வரை போதுமாக இருந்த மருந்து திடீரெனப் போதாமல் போகும். அதிகாலையில் சர்க்கரை ஏறும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க்கு முன்னர் ஏறுவதும் உண்டு. இதை அறியாத பெரியவர்கள், பிள்ளை திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறது என்று ஏசுகிறார்கள். அந்தப் பழி பெரும்பாலும் அநியாயமானது.

1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் 13 முதல் 17 வயதினர் 195 பேர் இருந்தனர். தீவிர சிகிச்சையால் பெரியவர்கள் எட்டிய கட்டுப்பாட்டை அவர்களால் எட்ட முடியவில்லை. சர்க்கரை அபாயகரமாகக் குறைவதும் அவர்களிடம் அதிகம். மிகச் சிறந்த மருத்துவக் குழு உடனிருந்தும் நிலை இதுதான். நீண்டகாலம் மருந்து போதாமல் இருந்தால் உயரம் குன்றும், பூப்பெய்துவதும் தள்ளிப்போகும். இதைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் மோரியாக் 1930இல் விவரித்தார்.

மெலிந்த இளைஞரின் நீரிழிவு

இங்கே நம் மாநிலத்துக்கே உரிய ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். 1955இல் ஜமைக்காவில் ஹியூ ஜோன்ஸ் என்பவர், முதல் வகையிலும் இரண்டாம் வகையிலும் அடங்காத சில மெலிந்த இளம் நோயாளிகளைக் கண்டார். அவர்களுக்குச் சர்க்கரை மிக உயர்ந்தும் கீட்டோ அமிலத்துவம் எளிதில் வரவில்லை. பின்னர் ஒடிசாவின் கட்டாக்கிலும் வேறு இடங்களிலும் இத்தகையோர் கண்டறியப்பட்டனர். கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் கணையத்தில் கல் சேரும் இளம் நோயாளிகளை விரிவாக ஆராய்ந்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் சத்துக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று ஒரு வகையைச் சேர்த்தது. சான்று போதவில்லை என்று 1999இல் நீக்கியும் விட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிகால் தாமஸ் குழுவினர், நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸோடு சேர்ந்து இதை மறுபடி கையிலெடுத்தனர். 2022இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில், இத்தகைய மெலிந்த நோயாளிகளுக்கு இன்சுலின் சுரப்பதில்தான் பெருங்குறை, இன்சுலின் எதிர்ப்பு இல்லை என்பது நுட்பமான அளவீடுகளால் தெரியவந்தது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. எல்லா அறிஞர்களும் இப்பெயரை ஏற்கவில்லை. ஆனால் அவசர சிகிச்சை அறைக்கு இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. சத்துக்குறைந்த உடலில் முதல் வகை என்று கருதி மிகுதியான இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கி உயிர் போகலாம்.

108 வந்த பிறகு

திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி தொடங்கியது 2008 செப்டம்பர் 15. இரண்டும் அண்ணா பிறந்தநாளில் நிகழ்ந்தவை. ஊர்தியில் ஆக்சிஜன், நாடியொலி கேட்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஆகியவற்றோடு குளுக்கோமீட்டரும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு கிலோ எடையில் மருத்துவமனைக்குள் பூட்டியிருந்த கருவி கிராமத்துச் சாலையில் வந்து நிற்கிறது. சிறுமலை அடிவாரத்துப் பிள்ளை மயங்கினால், மருத்துவமனையை அடையும் முன்பே காரணம் தெரிந்துவிடும். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. மதுரைக்கு ஓடும் 60 கி.மீ. பலருக்கு மிச்சமாயிற்று.

எனினும் ஊர்தியை அழைக்க யாருக்காவது சந்தேகம் வர வேண்டுமே. 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. அத்திட்டம் தொடக்கத்தில் வகுத்த 30 நிலைகளின் பட்டியலில் நீரிழிவு இல்லை. ஆண்டுக்கொரு முறை வரும் குழுவால் சில வாரங்களில் முற்றும் நோயைப் பிடிப்பதும் கடினம். அன்றாடம் பிள்ளையைப் பார்ப்பவர் வகுப்பாசிரியர். நாளுக்கு ஆறேழு முறை வெளியே போக அனுமதி கேட்கும் மாணவனைக் கண்டால் ஆசிரியருக்கு முதலில் தோன்றுவது, பாடத்திலிருந்து தப்பப் பார்க்கிறான் என்பதே.

இத்தாலியின் பார்மா நகரில் மருத்துவர் வனெல்லியும் குழுவினரும் 1991இல் ஒரு முயற்சி தொடங்கினர். பள்ளிகளில் எளிய சுவரொட்டிகளை ஒட்டினர். படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் கவனியுங்கள், தாகம் மிகுந்தால் கவனியுங்கள் என்பதே செய்தி. அப்பகுதி மருத்துவர்களுக்குச் சர்க்கரை அளக்கும் கருவிகளையும் கொடுத்தனர். அதற்கு முன் அங்கே புதிதாக நீரிழிவு கண்ட பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோ அமிலத்துவத்தோடுதான் மருத்துவமனைக்கு வந்தனர். 1991 முதல் 1997 வரையான காலத்தில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. இதற்குப் புதிய மருந்து எதுவும் பயன்படவில்லை. ஒரு தாளும், ஒரு சிறு கருவியும், பெற்றோரோடும் ஆசிரியரோடும் பேசிய பேச்சும்தான். பெனடிக்ட் கரைசல் நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வக அலமாரிகளில் இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வுக்காக அதை வெளியே எடுக்கிறோம்.